டிவி கிரிக்கெட் வர்ணனையாளரை எடைபோடுவது எப்படி? மாமாக் கடை நாற்காலியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் வருடா வருடம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடக்கும். கோயில் தீமிதிக்குக் கட்டுகிற ஒலிபெருக்கிதான் அதற்கும். முதல் தடவை மைக் என் கைக்கு வந்ததற்குக் காரணம், எனக்குப் பந்து போடவும் வராது, அடிக்கவும் வராது என்பதுதான். வாய் மட்டும் நன்றாக வரும். "இதோ ஓடி வருகிறார், போடுகிறார், அடித்துவிட்டார், பந்து உருளுகிறது, பிடித்துவிட்டார், திருப்பி எறிகிறார்..." என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். நாலாவது ஓவரில், மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவர் மெதுவாக எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, எங்களுக்கும் ரெண்டு கண்ணு இருக்குப்பா. அந்தப் பையன் திடீர்னு ஏன் மெதுவாப் போடுறான்னு தெரிஞ்சாச் சொல்லு. தெரியலைன்னா கொஞ்ச நேரம் சும்மா இரு."

மைக் அணைக்கவில்லை. அவர் சொன்னது லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து டிவியில் யார் பேசினாலும் அந்தக் கிராணியின் காதால்தான் கேட்கிறேன். எங்கள் ஊர் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) பெரிய திரையில் ஆட்டம் ஓடும்போது "இவன் நல்லாப் பேசுறான்", "அவன் வாய மூடினாத் தேவலை" என்று சண்டை நடக்கும். கேட்டுப் பார்த்தால், நம் அணியைப் புகழ்பவன் நல்லவன், திட்டுபவன் கெட்டவன் என்பதுதான் முக்கால்வாசிப் பேருடைய அளவுகோல். அதைவிட நேர்மையான ஓர் அளவுகோல் இருக்கிறது. அதற்கான வழிமுறைதான் கீழே இருப்பது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, ஒலியை அடக்கும் பொத்தான் வேலை செய்கிற ரிமோட், இவை போதும்.

தொடங்கும் முன்: எந்த ஆட்டம், எந்த நேரம்

ஐபிஎல் இரவு ஆட்டம் இந்தியாவில் 7.30க்கு என்றால் நமக்கு 10 மணி. முடியும்போது ஒன்றரை தாண்டிவிடும். மறுநாள் விடிவதற்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகிறவர்கள் அந்த நேரத்தில் யாரையும் நியாயமாக எடைபோட முடியாது. தூக்கக் கலக்கத்தில் எல்லாரும் மோசமாகத்தான் பேசுவார்கள்.

என் சிபாரிசு டெஸ்ட் ஆட்டம். இங்கிலாந்தில் காலை 11க்குத் தொடங்கினால் இங்கே மாலை 6. உணவு இடைவேளை வரைக்குமான இரண்டு மணி நேரம், வேலை முடிந்து குளித்துவிட்டு உட்கார அருமையான நேரம். டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் தொடங்கும் டெஸ்ட் நமக்குக் காலை ஏழரைக்கு வரும், தோசையோடு பார்க்கலாம். டி20யில் ஒவ்வொரு பந்திலும் ஏதாவது நடப்பதால் யார் வேண்டுமானாலும் கத்தி ஒப்பேற்றிவிடலாம். நாற்பது நிமிடம் விக்கெட் விழாமல், நாலு ரன்னும் வராமல் இருக்கும்போதுதான் பேசுகிறவரிடம் சரக்கு இருக்கிறதா என்று தெரியும்.

மழை நாளாக இருந்தால் வேண்டாம். கூரையில் இருக்கும் தட்டுக்கு மேகம் கறுத்தாலே பயம், படம் போய்விடும்.

படி 1: திரைக்கு முதுகைக் காட்டுங்கள்

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு ஓவர் முழுக்கத் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். அடுத்த ஓவரில் ஒலியை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். மூன்றாவது ஓவரை வழக்கம்போலப் பாருங்கள்.

முதல் ஓவரில், பார்க்காமலே எல்லாம் புரிந்துவிட்டதா? அப்படியென்றால் அவர் டிவியில் உட்கார்ந்துகொண்டு ரேடியோ வேலை பார்க்கிறார். இது பாராட்டு இல்லை. ரேடியோவும் டிவியும் வேறு வேறு தொழில். அகில இந்திய வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை செய்த காலத்தில், கேட்பவருக்குத் திடல் இல்லை, பந்து இல்லை, ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் அவர் வாயால்தான் வரைந்து காட்ட வேண்டும். ஒரு நொடி நிறுத்தினால் கேட்பவன் இருட்டில் நிற்பான். டிவியில் படம் வந்துவிட்டது. அங்கே போய் "பந்தை அடித்தார்" என்று சொல்வது, சாப்பிடுகிறவனிடம் "நீ சாப்பிடுகிறாய்" என்று சொல்வது மாதிரி.

இரண்டாவது ஓவர்தான் முக்கியம். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது உங்களுக்கு என்ன சந்தேகம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை எழுதியவை: ஸ்லிப்பில் இருந்தவரை ஏன் எடுத்தார்கள்? விக்கெட் கீப்பர் ஏன் ஸ்டம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார்? பேட்ஸ்மேன் ஏன் கிரீஸுக்கு வெளியே நிற்கிறார்? ஒலியைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, ஐந்து நிமிடத்துக்குள் உங்கள் கேள்விகளில் எத்தனைக்குப் பதில் வருகிறது என்று பாருங்கள். நல்ல வர்ணனையாளர் நீங்கள் கேட்காத கேள்வியைக் கேட்டது மாதிரி பதில் சொல்வார். அன்று எனக்குக் கடைசி இரண்டு கேள்விக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. பந்து காற்றில் வளைகிறது, அதனால் வளைவதற்கு முன்பே சந்திக்க பேட்ஸ்மேன் முன்னால் நகர்ந்து நிற்கிறார், அவரைத் திரும்பக் கிரீஸுக்குள் தள்ளத்தான் கீப்பர் பக்கத்தில் வந்தார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மனிதர் ஒரு ஓவர் பேசவே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் நம் திரையில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறாரா, திடலில் அவர் மட்டும் பார்க்கிற எதையோ பற்றிப் பேசுகிறாரா? வர்ணனை அறையில் அவர் முன்னால் நாம் பார்க்கும் அதே படம் ஓடுகிற சின்னத் திரை இருக்கும். காதில் இயக்குநரின் குரல் வந்துகொண்டிருக்கும். படத்தில் பந்துவீச்சாளரின் விரல் பிடி பெரிதாகத் தெரியும்போது இவர் நேற்று இரவு சாப்பிட்ட மீனைப் பற்றிப் பேசினால், அவர் வேலையில் இல்லை என்று அர்த்தம். மீன் கதை சுவையாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது.

படி 2: மௌனத்தைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்

ஐந்து ஓவருக்கு, அவர் பேசாமல் இருந்த நொடிகளைத் தோராயமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பந்துவீச்சாளர் ஓடி வரும்போது வாய் மூடியிருக்கிறதா என்பதை மட்டும் தனியாகக் குறியுங்கள்.

இந்தக் கலையில் குரு ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் ரிச்சி பெனோ. திரையில் இருப்பதோடு எதையாவது சேர்க்க முடிந்தால் மட்டும் பேசு என்பதுதான் அவர் கடைப்பிடித்த விதி. கேட்ச் விட்டதையெல்லாம் பேரழிவு, துயரம் என்று சொல்லக்கூடாது என்பதும் அவருடையதுதான். 2005 செப்டம்பரில், லண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து நேயர்களிடம் கடைசியாக விடைபெற்றுப் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் பேசியவர். வேறு யாராக இருந்தாலும் தொண்டை அடைத்து அழுதிருப்பார்கள். நடுவில் ஆஸ்திரேலியாவின் மெக்ரா போட்ட பந்தில், 158 அடித்திருந்த இங்கிலாந்தின் பீட்டர்சன் போல்டு. பெனோ தன் விடைபெறும் பேச்சை அப்படியே நிறுத்தி, விக்கெட்டைச் சொல்லிவிட்டு, அப்புறம் விட்ட இடத்தில் தொடர்ந்தார். ஆட்டம் முதலில், நான் பிறகு. அந்தக் காணொளி தேடினால் கிடைக்கும், ஒருமுறை பாருங்கள்.

எல்லா மௌனமும் நல்ல மௌனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் முழிக்கிற மௌனம் வேறு. அடுத்து அவர் வாய் திறக்கும்போது வருவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். "ஆக, நல்ல கூட்டம் இன்னிக்கு" என்று வந்தால் அது முழித்த மௌனம்.

படி 3: நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இதுதான், கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து "நடந்தது", "ஏன்", "அடுத்து" என்று தலைப்பு போடுங்கள். வர்ணனையாளர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏதாவது ஒரு பத்தியில் கோடு.

மோசமானவருக்கு முதல் பத்தி நிரம்பி வழியும். சுமாரானவருக்கு "ஏன்" பத்தியில் நாலைந்து கோடு இருக்கும், ஆனால் எல்லாம் விக்கெட் விழுந்த பிறகு வந்தவையாக இருக்கும். "அந்த ஷாட் ஆடியிருக்கக் கூடாது." அவுட் ஆன பிறகு இதைச் சொல்ல நாங்களே போதும், தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்துக்கொண்டே இலவசமாகச் சொல்வோம். அதே ஷாட் நாலுக்குப் போயிருந்தால் "என்ன தைரியம்!" என்றிருப்பார்.

மூன்றாவது பத்தியில் விழுகிற கோடுதான் தங்கம். டி20யில் 18ஆவது ஓவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர்பிளே முடிந்த பிறகு வட்டத்துக்கு வெளியே ஐந்து பேர்தான் நிற்கலாம். கால் பக்கம் பின்னால் நிற்கும் ஃபைன் லெக்கை உள்ளே கூப்பிட்டுவிட்டு, ஆஃப் பக்கம் நிற்கும் தேர்ட் மேனையும் டீப் பாயின்ட்டையும் எல்லைக்கு அனுப்புகிறார் கேப்டன். நல்ல வர்ணனையாளர் பந்து போடும் முன்பே சொல்லிவிடுவார்: "ஆஃப் பக்கம் அகலமாக யார்க்கர் வரப்போகிறது. லைன் தவறிக் காலுக்கு வந்தால் பின்னால் காப்பாற்ற ஆள் இல்லை." இப்போது நமக்கும் ஒரு பந்தயம் கிடைத்துவிட்டது. பந்து அகலமாகப் போனாலும் சரி, காலுக்கு வந்து நாலு போனாலும் சரி, நாம் நாற்காலி நுனிக்கு வந்திருப்போம்.

இதில் உச்சம் 2020 டிசம்பர் 17, அடிலெய்டு. பகல் இரவு டெஸ்ட் என்பதால் நமக்கு நண்பகல் 12க்குத் தொடங்கியது. முதல் ஓவர், ஆஸ்திரேலியாவின் ஸ்டார்க் போடுகிறார், இந்தியாவின் பிரித்வி ஷா நிற்கிறார். வர்ணனையில் ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் ரிக்கி பான்டிங். உள்ளே வரும் பந்துக்கு ஷா மட்டைக்கும் காலுக்கும் நடுவே பெரிய இடைவெளி விடுவார், ஸ்டார்க் குறி அங்கேதான் இருக்கும் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஆட்டத்தின் இரண்டாவது பந்து அந்த இடைவெளியில் புகுந்து ஸ்டம்பைச் சாய்த்தது. கைபேசியில் அந்தத் துண்டைப் பார்த்து "ஜோசியக்காரன்" என்றார்கள் எங்கள் கடையில். ஜோசியம் ஒன்றும் இல்லை. முன்கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்த வேலை அது. ரப்பர் பால் வெட்டுகிறவர் மரத்தைத் தொட்டதும் எவ்வளவு பால் வரும் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

அதற்காகப் பத்துப் பந்துக்குப் பத்து ஆரூடம் சொல்லி, பலித்த ஒன்றை மட்டும் நாள் முழுக்க ஞாபகப்படுத்துகிறவரிடம் ஏமாந்துவிடாதீர்கள். நோட்டில் பலிக்காததையும் எழுதுங்கள்.

படி 4: இரண்டு நாற்காலியைப் பிரித்துப் பாருங்கள்

மைக் முன்னால் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும். ஒருவர் பந்தைச் சொல்பவர், மற்றவர் விளக்குபவர். பெரும்பாலும் பின்னவர் முன்னாள் வீரராக இருப்பார். முன்னவர் வீரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹர்ஷா போக்ளே சர்வதேச ஆட்டம் ஆடியவர் இல்லை. பக்கத்தில் இருக்கும் வீரரிடம் சரியான கேள்வி கேட்டு விஷயத்தைக் கறந்துவிடுவதுதான் அவருடைய திறமை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினாலோ, "எங்க காலத்துல ஹெல்மெட்டே இல்லை" என்று இருவருமே பழைய கதைக்குள் போய்விட்டாலோ, தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஒரு சின்ன நியாயம். ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அது அவர்கள் தலையெழுத்து, அதற்காக அவர்களைத் திட்டாதீர்கள்.

படி 5: விதி தெரிந்தவரா என்று சோதியுங்கள்

எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட்) மேல்முறையீடு வரும்வரை காத்திருங்கள். திரையில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை உரசுவதாகக் காட்டும், தீர்ப்போ நாட் அவுட் என்றே நிற்கும். அரைகுறையானவர் "ஸ்டம்பில் படுதே, அப்புறம் எப்படி?" என்று கொதிப்பார். தெரிந்தவர் அமைதியாகச் சொல்வார்: நடுவர் நாட் அவுட் கொடுத்திருந்தால், அதை மாற்றப் பந்தில் பாதிக்குக் குறையாமல் ஸ்டம்பில் பட வேண்டும், அதற்குக் குறைந்தால் நடுவர் சொன்னதே தீர்ப்பு. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூவே கிடையாது என்பதை, மறுபதிவு வருவதற்கு முன்பே கண்ணால் பார்த்துச் சொல்கிறவருக்கு இரட்டை மதிப்பெண்.

மழை பெய்தால் இன்னும் நல்ல சோதனை. நம் நாட்டுக்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். 2006 செப்டம்பரில் பூச்சோங் கின்ராரா திடலில் சச்சின் 141 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். மழை வந்தது, மழை ஆட்டத்துக்கான டக்வொர்த்-லூயிஸ் கணக்கில் வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்தது. எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் நனைந்து திரும்பிய மாமா ஒருவர் இன்னும் அந்தக் கணக்கைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அதே திடலில் 2008 மார்ச் 2 அன்று கோலி தலைமையில் இந்தியா 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்காவிடமிருந்து 12 ரன்னில் பறித்ததும் அந்தக் கணக்கில்தான். அன்று மாமா ஒன்றும் சொல்லவில்லை.

மீதி ஓவர் ஒரு சொத்து, கையில் இருக்கும் விக்கெட் இன்னொரு சொத்து, இரண்டையும் சேர்த்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் அந்தக் கணக்கு. இந்த ஒரு வரியைச் சொல்லாமல், மழை பெய்யும் நேரம் முழுக்க "குழப்பமான விதி" என்று சிரிக்கிற வர்ணனையாளர்கள் இருக்கிறார்கள். தன் தொழிலின் கருவியைத் தெரியாதது பெருமையா என்ன?

படி 6: பெரிய நொடியில் என்ன செய்கிறார்

இதற்கு நேரலை தேவையில்லை, பழைய காணொளியே போதும். மூன்றை மட்டும் பாருங்கள்.

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். குலசேகராவின் பந்தைத் தோனி தூக்குகிறார். ரவி சாஸ்திரியின் சாதாரணக் குரலே இடிதான், மற்ற நாளில் அவர் பேசுவது எல்லாமே ஒரே உயரத்தில் இருக்கிறது என்று நானே குறை சொல்வேன். ஆனால் அன்று அவர் சொன்னதை எண்ணிப் பாருங்கள். தோனி முடித்துவைத்தார், பந்து கூட்டத்துக்குள் போனது, 28 வருடத்துக்குப் பிறகு இந்தியா கோப்பையைத் தூக்குகிறது. மூன்றே செய்தி. பிறகு கூட்டத்தின் இரைச்சலுக்கு இடம் விட்டார். அந்த "28" என்ற எண்ணில் 1983க்குப் பிறகு காத்திருந்த அத்தனை பேரும் அடக்கம்.

2016 ஏப்ரல் 3, கொல்கத்தா, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் வெஸ்ட் இண்டீஸுக்கு 19 ரன் வேண்டும், இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் பந்தில் வரிசையாக நாலு சிக்ஸர். இயன் பிஷப் கத்தினார், நன்றாகவே கத்தினார். ஆனால் கத்தியது பிராத்வெய்ட்டின் பெயரை. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை பாதிப் பேருக்குத் தெரியாத பெயர் அது. கத்துவதில் தப்பே இல்லை, கத்தலுக்குள் ஒரு விஷயம் இருக்க வேண்டும். "ஓ ஓ ஓ, என்ன ஒரு ஷாட்டு" என்பதில் அது இல்லை.

மூன்றாவது, 2019 ஜூலை 14, லார்ட்ஸ், இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நமக்கு அதிகாலை இரண்டரை மணி இருக்கும். ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன், எல்லைக்கு அடித்த கணக்கில் இங்கிலாந்து ஜெயித்தது. கப்தில் ரன் அவுட் ஆன நொடியில் மைக் முன் இருந்தவர் இயன் ஸ்மித், நியூசிலாந்தின் முன்னாள் விக்கெட் கீப்பர். தோற்றது அவருடைய நாடு. "மயிரிழையில்" என்று தமிழில் சொல்வோமே, அந்தப் பொருளில் ஒரே தொடரை இரண்டு தடவை சொல்லி, வென்ற அணியின் மகிழ்ச்சியைக் கொஞ்சமும் குறைக்காமல் அறிவித்தார். குரலில் நடுக்கம் இருந்தது, புகார் இல்லை.

படி 7: "நாம்" எத்தனை தடவை வருகிறது?

ஸ்மித்தைப் பார்த்த பிறகு இந்தச் சோதனை சுலபம். "நாம ஜெயிக்கணும்", "நம்ம பசங்க" என்பதை எண்ணுங்கள். மூன்றாவது நாடு ஒன்றில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு இது பளிச்சென்று தெரியும். எங்கள் கடையில் சென்னைக்கு ஒரு மேசை, பாகிஸ்தான் தொழிலாளிகளுக்கு ஒரு மேசை, வங்காளதேசத் தம்பிகளுக்கு ஒரு மேசை. எல்லாரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறோம். "நாம்" என்று திரையிலிருந்து வரும்போது இரண்டு மேசை வெளியே தள்ளப்படுகிறது.

வீரரைக் குறை சொல்லலாமா என்றால், கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் தப்பு என்று தெரிந்தால் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். 2019 உலகக் கோப்பையின்போது இந்தியாவின் முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர், அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் தெரிந்த ஆட்டக்காரர்கள் எனக்குப் பிடிக்காது என்று ஜடேஜாவைப் பற்றிச் சொன்னார். ஜடேஜா பகிரங்கமாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சில நாளில் அரையிறுதியில் 59 பந்தில் 77 அடித்தார். இந்தியா தோற்றது, ஆனால் மஞ்ச்ரேக்கர் "என்னைக் கிழித்துவிட்டார்" என்ற பொருளில் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார். முதலில் சொன்னதற்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன், பின்னால் சொன்னதற்கு ஒன்றரை கூட்டுவேன். கடையில் இதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

படி 8: தமிழ் வர்ணனைக்குத் தனித் தராசு

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததிலிருந்து ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்றவர்கள் தமிழிலேயே பேசக் கேட்கிறோம். இரண்டு பேருக்கும் இரண்டு வழி. ஸ்ரீகாந்த் மட்டை பிடித்தது மாதிரியே பேசுவார், எந்தப் பந்தையும் விடமாட்டார். பத்ரிநாத் பந்தை விட்டுவிட்டு, காலை எங்கே வைத்தார் என்பதைச் சொல்வார். எனக்கு எவர் பிடிக்கும் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "கவர் திசையில் நின்ற வீரரைத் தாண்டி அழகாக எல்லைக்கோட்டுக்கு அனுப்பி..." என்று போகும்போதே பந்து எல்லைக்கோட்டில் மோதித் திரும்பிவிடும், "வைத்தார்" அதற்குப் பிறகு வந்து சேரும். இதைப் புரிந்துகொண்டவர்கள் வாக்கியத்தை உடைத்துவிடுவார்கள். "கவர் பக்கம். இடைவெளி. நாலு." அல்லது பேச்சுத் தமிழில் வினையை முன்னால் தூக்கிப் போடுவார்கள்: "அடிச்சுட்டாரு, கவர் பக்கம்!" இதைக் கேட்டால் அவருக்கு மொழியும் தெரியும் ஆட்டமும் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுநீள ஆங்கில வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு தமிழில் துரத்துகிறவர் எப்போதும் அரைப் பந்து பின்னால்தான் இருப்பார்.

சொற்களில் நான் கறார் இல்லை. விக்கெட், ஓவர், யார்க்கர் எல்லாம் நம் சொற்களாகிவிட்டன. "மட்டையாளர்" என்றாலும் சரி, "பேட்ஸ்மேன்" என்றாலும் சரி, ஒரே ஓவரில் இரண்டுக்கும் தாவாமல் இருந்தால் போதும். எனக்கு எரிச்சல் தருவது வேறு. ஒவ்வொரு சிக்ஸருக்கும் ஒரு சினிமா வசனம், ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரு பஞ்ச். முதல் தடவை சிரிப்பேன். பதினோராவது தடவை பந்துவீச்சாளர் என்ன செய்தார் என்று தெரியாமலே ஓவர் முடிந்திருக்கும். சென்னை போக்குவரத்து நெரிசலை வைத்துச் சொல்லும் நகைச்சுவையும் அப்படித்தான். பேராக்கில் செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய எனக்கு அண்ணா சாலை சிக்னல் எதற்கு? சேப்பாக்கம் மண் ஏன் மத்தியானத்துக்கு மேல் சுழலுக்கு உதவுகிறது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

படி 9: பெயர்

சின்ன விஷயம், ஆனால் நான் விடமாட்டேன். பள்ளியில், கிளினிக்கில், அலுவலகத்தில் நம் பெயரைக் கடித்துத் துப்பியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2023 ஜூலையில் கிள்ளான் பாயுமாஸ் திடலில் சீனாவுக்கு எதிராக 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார் நம் ஷியாஸ்ருல் இட்ருஸ். ஏழும் போல்டு, ஆண்கள் சர்வதேச டி20யில் அதற்கு முன் யாரும் ஏழு எடுத்ததில்லை. அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க ஒரு வர்ணனையாளருக்கு ஆகும் செலவு, முதல் நாள் யாரிடமாவது கேட்கும் இரண்டு நிமிடம்.

படி 10: கடைசியாக, நீங்களே பேசிப் பாருங்கள்

நோட்டு நிரம்பிய பிறகு, டிவி ஒலியை அடக்கிவிட்டு இரண்டே இரண்டு ஓவர் நீங்கள் வர்ணனை செய்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் நல்லது. மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்காதீர்கள், மனசு தாங்காது. அதே மூன்று பத்தியில் உங்களுக்கும் கோடு போடுங்கள். அதுவரை திட்டிக்கொண்டிருந்த சிலருக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கூட்டத் தோன்றும்.

என் பதிவில் "பாத்தீங்கன்னா" 31 தடவை வந்திருந்தது. இரண்டு ஓவரில், அதாவது பன்னிரண்டு பந்தில். வீட்டில் ஒரு மைலோ டின்னை வைத்து, பயிற்சியில் ஒவ்வொரு "பாத்தீங்கன்னா"வுக்கும் 20 காசு போடச் சொல்லிவிட்டாள் என் மனைவி. முதல் நாள் டின்னில் விழுந்தது 6 வெள்ளி 20 காசு. போன வெள்ளிக்கிழமை 80 காசு.